கழுத்துக்கு வெளியே ஒரு கரும்புள்ளி: காத்திருப்பதா, தேடுவதா, மறு டோஸா?

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, ரேடியோ அயோடின் (கதிர்வீசும் அயோடின்) கொடுத்து ஸ்கேனும் எடுத்த பிறகு வரும் அறிக்கையில் சில நேரம் ஒரு வரி கூடுதலாக இருக்கும். ‘இடுப்புக்குழியின் இடப்பக்கம் அயோடின் சேர்ந்திருப்பது தெரிகிறது, மற்றப் பரிசோதனைகளோடு ஒப்பிட்டு முடிவு செய்யவும்’ என்பது போன்ற வரி. கழுத்தில் ஏதாவது மிச்சம் இருக்கும் என்று மனத்தைத் தயார்செய்துகொண்டு வந்தவர்கள், இடுப்பு, நெஞ்சு, மண்டையோடு என்று வேறோர் இடத்தின் பெயரைப் படித்ததும் நிலைகுலைந்து போகிறார்கள். நான் மதுரையில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில், உடம்பில் அந்த அயோடின் சேர்ந்த இடத்தைக் கரும்புள்ளியாகப் படம்பிடிக்கும் காமா கேமராவை இயக்குபவள். அந்த அறிக்கையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் போய்ச் சேர்வதற்குள் சொந்தபந்தம் அனைவரிடமும் போனில் பேசி, ‘பரவிவிட்டதாம்’ என்ற முடிவுக்கே வந்துவிடுகிறார்கள். அவர்களில் பலருக்குப் பரவியிருக்கவே இருக்காது.

அந்த வரிக்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் இங்கே கேள்வி. வழிகள் நான்கு. நோய் பரவியிருக்கிறது என்றே கொண்டு மீண்டும் அயோடின் டோஸ் கொடுக்கலாம். ஒன்றும் செய்யாமல் இரத்தப் பரிசோதனையை நம்பி ஆறு மாதமோ ஓராண்டோ கவனிக்கலாம். புள்ளி தெரிந்த உறுப்பை வேறு ஸ்கேன்களால் தேடிப் பார்க்கலாம். ஊசி போட்டோ அறுவை செய்தோ திசுவை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. பெரும்பாலானோர் அதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஸ்கேன் அறையை விட்டுப் போவதற்கு முன்பே, உடம்பில் அயோடின் இருக்கும்போதே, சந்தேகத்தைத் தீர்க்கும் படத்தையும் எடுத்துவிடுவது. முதல் நான்கில் எது சரி என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்த ஐந்தாவது மட்டும் ஏறக்குறைய எல்லோருக்கும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. சிகிச்சை முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை நோயாளியின் வீட்டார் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அயோடின் போகும் இடமெல்லாம் புற்றுநோய் அல்ல

தைராய்டு செல்கள் அயோடினை இழுத்துக்கொள்ளும். பாப்பிலரி, ஃபாலிகுலர் வகைப் புற்றுநோய்ச் செல்களில் பெரும்பாலானவையும் இந்தக் குணத்தை விடுவதில்லை. நியூயார்க்கில் சைட்லின் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1946-இல் வெளியிட்ட கட்டுரை, உடம்பில் வேறு இடங்களுக்குப் பரவிய தைராய்டு புற்றுநோய் ரேடியோ அயோடினை ஏற்றுக்கொண்டு அதனாலேயே ஒடுங்கியதைக் காட்டியது. தைராய்டை முழுதாக எடுத்தவர் உடம்பில் அயோடின் எங்கே சேர்ந்தாலும் அங்கே தைராய்டு செல் இருக்கிறது என்ற எண்ணம் வேரூன்றியதற்கு இத்தகைய வெற்றிகளும் ஒரு காரணம்.

ஆனால் அயோடினைச் செல்லுக்குள் இழுக்கும் புரதம் தைராய்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அதற்கான மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. உமிழ்நீர்ச் சுரப்பி, இரைப்பை, பால் சுரக்கும் மார்பகம் ஆகியவற்றிலும் அதே புரதம் இருக்கிறது. அதனால் ஸ்கேனில் கன்னத்தின் இரு பக்கமும் கறுத்துத் தெரிவதும், வயிற்றின் இடப்பக்கம் மேலே இரைப்பை தெரிவதும் இயல்பு. உடம்பு வேண்டாத அயோடினைச் சிறுநீரிலும், ஓரளவு மலத்திலும் வியர்வையிலும் வெளியேற்றுகிறது. ஆகவே சிறுநீர்ப்பையும் குடலும் தெரியும். சிகிச்சை டோஸ் கொடுத்த சில நாள் கழித்து எடுக்கும் படத்தில் கல்லீரல் முழுவதும் சீராக மங்கலாய்த் தெரியும். அயோடின் ஏறிய தைராய்டு ஹார்மோனைக் கல்லீரல் பக்குவப்படுத்துவதால் வருவது அது. இளம் வயதினருக்கு நெஞ்சு எலும்பின் பின்னால் தைமஸ் சுரப்பி தெரிவதுண்டு. கழுத்தில் தைராய்டு மிச்சம் நிறைய இருந்தால் அங்கிருந்து ஆறு கதிர் கொண்ட நட்சத்திரம் போலக் கோடுகள் கிளம்பும். அது கேமராவின் குறையால் வரும் தோற்றம்.

இவையெல்லாம் எதிர்பார்த்தவை. குழப்பம் தருபவை வேறு: சளி தேங்கிய மூச்சுக்குழாய், பழைய நுரையீரல் தொற்று, சிறுநீரக நீர்க்கட்டி, சினைப்பைக் கட்டி, கருப்பை நார்க்கட்டி, மாதவிலக்கு நாளில் கருப்பை, சொத்தைப் பல், ஆறாத புண், கூடிவரும் எலும்பு முறிவு, முதுகெலும்பில் தீங்கில்லாத இரத்தக்குழாய்க் கட்டி. இவை ஒவ்வொன்றிலும் அயோடின் சேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. நீர் தேங்கும் இடத்தில் அயோடினும் தேங்கும். அழற்சி உள்ள இடத்துக்கு இரத்தம் அதிகம் போகும், அதோடு அயோடினும் போகும். பல புள்ளிகளுக்கு இந்த விளக்கமே போதும்.

எந்த ஸ்கேன் என்று முதலில் பாருங்கள்

அறிக்கையைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது புள்ளி இருக்கும் இடத்தை அல்ல. அது எந்த ஸ்கேன் என்பதை. சிகிச்சைக்கு முன் சிறிய அளவில், பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கொடுத்து எடுப்பது ஒரு வகை. 30 முதல் 200 மில்லிகியூரி வரை சிகிச்சை டோஸ் கொடுத்து, மூன்று முதல் ஏழு நாளுக்குள் எடுப்பது இன்னொரு வகை. பின்னதில் கதிர் பல மடங்கு அதிகம் என்பதால், முன்னதில் தெரியாத புள்ளிகளும் அதில் தெரியும். எதிர்பாராத புள்ளிகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன.

இரண்டிலும் முடிவு ஒரே மாதிரி இல்லை. சிறு டோஸ் ஸ்கேனில் புள்ளி வந்தால், அடுத்துக் கொடுக்கப்போகும் சிகிச்சை டோஸ் 30-ஆ, 100-ஆ, 150-க்கு மேலா என்பதே அதைப் பொறுத்து மாறக்கூடும். ஆகவே அப்போது விடை தெரிந்தாக வேண்டும். சிகிச்சைக்குப் பின் எடுத்த படத்தில் புள்ளி வந்தால் நிலைமை வேறு. அந்தப் புள்ளி உண்மையிலேயே பரவிய நோயாக இருந்தால், அங்கே நாம் படத்தில் பார்ப்பதே மருந்தைத்தான். அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்து தன் வேலையைத் தொடங்கிவிட்டது. உடனே இன்னொரு டோஸ் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இரண்டு டோஸ்களுக்கு இடையே பொதுவாக ஆறு மாதமாவது விடுவார்கள். இதை எடுத்துச் சொன்னால் பாதிப் பதற்றம் அடங்கிவிடுகிறது. சொல்வதற்குத்தான் ஆள் இருப்பதில்லை.

அன்றே எடுக்க வேண்டிய படம்

அயோடின்-131-இன் அரை ஆயுள் எட்டு நாள். அதற்கு முன்பே சிறுநீர் வழியாகப் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. அறிக்கை வந்து, வீட்டுக்குப் போய், பெரியவர்களிடம் பேசி, அடுத்த மாதம் அப்பாயின்ட்மென்ட் வாங்கி வரும்போது உடம்பில் படமெடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. மறுபடி எடுக்க வேண்டுமானால் தைராய்டு ஹார்மோனுக்கு ஈடாகச் சாப்பிடும் தைராக்சின் மாத்திரையை மூன்று, நான்கு வாரம் நிறுத்தி, தைராய்டு செல்களைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் 30-ஐத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வாரங்களில் நோயாளி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முகம் வீங்கும், குரல் கம்மும், நடை தளரும், சித்திரை வெயிலிலும் போர்வை கேட்கும். அயோடின் குறைந்த சாப்பாடு வேறு: அயோடின் உப்பு கூடாது, கருவாடும் கடல் மீனும் கூடாது, பாலும் முட்டையும் கூடாது. கடையில் வாங்கும் கல் உப்பிலும் இப்போது அயோடின் சேர்த்தே வருவது உண்டு என்பதால் பாக்கெட்டைப் படித்துத்தான் வாங்க வேண்டும். மாத்திரையை நிறுத்தாமலே டி.எஸ்.எச்.சை ஏற்றும் ஊசி இருக்கிறது. அதன் விலை நம் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு எட்டாது. இவ்வளவையும் மிச்சப்படுத்துவது அன்று கூடுதலாகச் செலவாகும் அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தில் செய்பவை மிக எளியவை. புள்ளி தோலுக்கு அருகில் தெரிந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றி, மீண்டும் எடுக்கிறோம். நெஞ்சின் நடுவே கோடாகத் தெரிந்தால் தண்ணீர் குடிக்கச் சொல்லி எடுக்கிறோம். உணவுக்குழாயில் ஒட்டிய உமிழ்நீராக இருந்தால் அது இறங்கிவிடும். இடுப்பில் தெரிந்தால் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்கிறோம். குடலோ என்று தோன்றினால் மலமிளக்கி கொடுத்து மறுநாள் எடுக்கிறோம். தைராக்சின் நிறுத்தியவர்களுக்கு மலச்சிக்கல் வருவது சாதாரணம் என்பதால் குடலில் அயோடின் தங்கி, புதிய கட்டி போலக் கண்ணைக் குழப்பும்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மாவின் படத்தில் இடது தோள்பட்டையில் நல்ல கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சேலையோடுதான் படுத்திருந்தார். “முந்தானையால் வாயைத் துடைத்தீர்களா அம்மா?” என்று கேட்டேன். “துடைக்காமல் எப்படித் தாயி? வந்ததிலிருந்து எலுமிச்சையைச் சப்பிக்கொண்டே இருக்கிறேன்” என்றார். உமிழ்நீர்ச் சுரப்பியில் அயோடின் தங்காமலிருக்கப் புளிப்பைச் சப்பச் சொல்வது வழக்கம். அப்படி ஊறிய எச்சில் முழுவதும் முந்தானையில். தோளைத் துடைத்து, மருத்துவமனைக் கவுனைப் போட்டு மீண்டும் படுக்கவைத்தேன். திட்டு இல்லை. அந்தப் படத்தை எடுக்காமல் விட்டிருந்தால் தோள் எலும்புக்குப் பரவல் என்ற சந்தேகத்தோடு அவர் ஊர் திரும்பியிருப்பார். கைக்குட்டை, தோளில் போட்ட துண்டு, எச்சில் பட்ட கையால் பின்னித் தலையில் வைத்துக்கொண்ட மல்லிகைச் சரம், இவை எல்லாமே படத்தில் விழும். தலைக்குக் குளித்து, அன்று துவைத்த உடையோடு வாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் நான் விடாமல் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கழுவியும் போகாத புள்ளிக்கு ஸ்பெக்ட் சி.டி. வேண்டும். நாங்கள் முதலில் எடுக்கும் முழு உடல் படம் தட்டையானது. சுவரில் விழும் நிழலைப் போல, முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். ஸ்பெக்ட் சி.டி. அதே அயோடினை முப்பரிமாணத்தில் படமாக்கி, சி.டி. படத்தின்மேல் பொருத்திக் காட்டுகிறது. ‘இடுப்பின் இடப்பக்கம்’ என்றிருந்தது ‘பெருங்குடலுக்குள்’ என்றோ ‘இடுப்பெலும்புக்குள்’ என்றோ தெளிவாகிறது. இந்த இரண்டுக்கும் இடையே ஒரு மனிதரின் எதிர்காலமே வேறுபடுகிறது. இதற்குச் சாதாரணமாக, படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து தேவைப்படாது. எல்லா மையத்திலும் இந்த வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அயோடின் கொடுப்பதற்கு முன்பே, ‘சந்தேகம் வந்தால் ஸ்பெக்ட் சி.டி. இங்கேயே எடுப்பீர்களா?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லை என்றால், அது இருக்கும் மையத்தைத் தேர்ந்தெடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்றே கருதுகிறேன்.

காத்திருப்பது எப்போது தைரியம், எப்போது அசட்டை

காத்திருக்கும் வழிக்குத் தாங்குகோல் தைரோகுளோபுலின் பரிசோதனை. தைராய்டு செல்கள் மட்டுமே சுரக்கும் புரதம் அது. தைராய்டை எடுத்து, மிச்சத்தையும் அயோடினால் அழித்த ஒருவருக்கு டி.எஸ்.எச். உயர்ந்த நிலையிலும் தைரோகுளோபுலின் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருந்து, ஸ்கேனில் ஒற்றைப் புள்ளி மட்டும் தெரிந்தால், அது தீங்கில்லாததாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். நோய் மெல்ல வளரும் தன்மை கொண்டது என்பதால் ஆறு மாதம் பொறுத்து மீண்டும் பார்ப்பதில் இழப்பு பெரிதல்ல. இந்த நிலையில் காத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் அந்த எண்ணை நம்பச் சில நிபந்தனைகள் உண்டு. தைராய்டு புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புரதம்) இருக்கும். அது இருந்தால் பரிசோதனை பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஆன்டிபாடி முடிவு இல்லாத தைரோகுளோபுலின் முடிவைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அடுத்து, இரத்தம் எப்போது எடுத்தார்கள் என்பது. அயோடின் டோஸ் கொடுத்த பிறகு செல்கள் சிதையும்போது தைரோகுளோபுலின் வெளியே கொட்டும். அப்போது எடுத்தால் எண் ஏறித்தான் இருக்கும். டோஸுக்கு முன் எடுத்த இரத்தமே பேசும். அறுவை முடிந்து முதல்முறை அயோடின் எடுப்பவருக்குக் கழுத்தில் மிச்சமிருக்கும் நல்ல தைராய்டே கொஞ்சம் சுரக்கும் என்பதால் அங்கே எண் கொஞ்சம் கூடியிருப்பதும் ஒன்றையும் நிரூபிப்பதில்லை.

எண் சுத்தமாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. மார்பகம், நுரையீரல் போன்ற உறுப்புகளில் வேறொரு புற்றுநோய் தொடங்கியிருந்து, அது அயோடினைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு படத்தில் தெரிந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அங்கே தைரோகுளோபுலின் உயர்ந்திருக்காது. தைராய்டுக்கான மறு டோஸும் பயன்தராது. பால் கொடுக்காத பெண்ணுக்கு ஒரு பக்க மார்பில் மட்டும் புள்ளி தெரிந்தால் மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

உறுப்பைத் தேடிப் போவது

நுரையீரலில் இருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் அதிகம் ஏமாற்றக்கூடிய இடம் அதுதான். தைராய்டு புற்றுநோய் பரவும் இடங்களில் நுரையீரல் முதன்மையானது. அதே நுரையீரலில் காசநோயும் அதன் தழும்பும் அயோடினைப் பிடிக்கும். எக்ஸ்ரேயில் பொடிப்பொடியாகத் தெரியும் காசநோயும், பொடிப்பொடியாகப் பரவிய புற்றுநோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கக்கூடும். திருமங்கலம் சாலையில் தோப்பூர் காசநோய் மருத்துவமனையை அறியாதவர் இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் அங்கே சிகிச்சை எடுத்ததைச் சொல்லத்தான் ஆளில்லை. மேலூர்ப் பக்கத்து ஐயா ஒருவரிடம், “இதற்கு முன் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டபோது இல்லை என்று தலையாட்டினார். மகன் வெளியே போனதும் கையைப் பிடித்துக்கொண்டு, “சாப்பிட்டிருக்கிறேன் தாயி. பேத்திக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம், அறிக்கையில் எழுதிவிடாதே” என்றார். அந்த ஒரு செய்தி இல்லாமல் வலது மேல் நுரையீரலில் தெரிந்த அவருடைய புள்ளிக்கு யாரும் சரியான விளக்கம் தந்திருக்க முடியாது. அது மருத்துவக் குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும், வெளியாருக்குப் போகாது என்று எடுத்துச் சொல்லி, மருத்துவரிடமே பேசவைத்தேன். சளிப் பரிசோதனை அரசு மையங்களில் இலவசம். நுரையீரலில் ஒரு பகுதியில் மட்டும் புள்ளி இருந்து, இருமலோ பழைய காசநோயோ இருந்தால், மறு டோஸுக்கு முன் சளியைப் பரிசோதிப்பது குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய விடை.

இதற்கு நேர்மாறான படமும் உண்டு. இரு நுரையீரலும் முழுவதுமாகப் பரவலாய்க் கறுத்து, தைரோகுளோபுலினும் உயர்ந்து, எக்ஸ்ரே மட்டும் சுத்தமாக இருப்பது. சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் இதைக் காண்கிறோம். இது உண்மையான பரவல். அயோடினுக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் பரவலும் இதுதான். இங்கே ஊசி, அறுவை என்று அலையத் தேவையில்லை.

பெண்களுக்கு இடுப்பில் தெரியும் புள்ளிக்கு முதலில் அல்ட்ராசவுண்ட். செலவு குறைவு, கதிர் இல்லை, மருந்து இல்லை. சினைப்பைக் கட்டியில் தைராய்டு திசுவே வளர்ந்திருக்கும் ஓர் அரிய நிலை இருக்கிறது. அது அயோடினையும் பிடிக்கும், தைரோகுளோபுலினையும் சுரக்கும். எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்தால் பரவல் என்றே தோன்றும். மாதவிலக்கு நாளா என்று கேட்க மறந்த அறிக்கைகளும் உண்டு. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் அல்ல.

எலும்பில் தெரிந்தால், அதிலும் முதுகெலும்பில் தெரிந்தால், எம்.ஆர்.ஐ.க்கு அவசரம் காட்ட வேண்டும். தீங்கில்லாத இரத்தக்குழாய்க் கட்டியாக இருந்தால் எம்.ஆர்.ஐ. சொல்லிவிடும். பரவலாகவே இருந்தால், டி.எஸ்.எச். ஏறும்போதும் அயோடின் வேலை செய்யும்போதும் கட்டி வீங்கித் தண்டுவடத்தை அழுத்தக்கூடும்; அப்போது அறுவையோ வெளிக் கதிர்வீச்சோ அயோடினுக்கு முந்திக்கொள்ள வேண்டியிருக்கும். மூளைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உண்மையான பரவல் என்று தெரிந்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு டோஸ் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

தேடிப்போகும் வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. வெளியே போய் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து அயோடின் நிறைந்தது. அதை ஏற்றினால் உடம்பு முழுக்க அயோடினால் நிறைந்து, ரேடியோ அயோடின் கொடுத்தாலும் செல்கள் அதை இழுக்காது. ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம்வரை காத்திருக்க வேண்டும். அடுத்து டோஸ் கொடுக்கப்போகிறார்கள் என்றால், சி.டி. எழுதிக் கொடுக்கும்போதே ‘கான்ட்ராஸ்ட் அவசியமா?’ என்று கேளுங்கள். நுரையீரலுக்குக் கான்ட்ராஸ்ட் இல்லாமலே பெரும்பாலும் போதும். எம்.ஆர்.ஐ.க்குக் கொடுக்கும் மருந்தில் அயோடின் கிடையாது. உயிருக்கு அவசரம் என்றால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். ஒரு மாதத் தாமதத்தை இந்த நோய் பெரும்பாலும் தாங்கும்.

ஊசி

ஊசிக்குப் போவது கடைசிக் கட்டத்தில்தான். எளிதாக எட்டும் இடமாக இருந்தால் முன்கூட்டியே போகலாம். கழுத்து நிணநீர்க் கட்டியில் மெல்லிய ஊசி போட்டு, அந்த ஊசியைக் கழுவிய நீரிலேயே தைரோகுளோபுலினைப் பார்க்கிறார்கள். விடை தெளிவாகக் கிடைக்கும். சினைப்பைக் கட்டியில் ஊசி போட மாட்டார்கள், உள்ளே சிந்திவிடும் என்பதால் முழுதாக எடுத்துத்தான் பார்ப்பார்கள். தைரோகுளோபுலினும் சுத்தம், சி.டி.யிலும் ஒன்றும் இல்லை என்ற நிலையில் ஆழத்தில் இருக்கும் மங்கலான புள்ளிக்கு ஊசி தேவையற்ற காயம்.

மறு டோஸ்

பல குடும்பங்கள் இதைத்தான் கேட்டு வருகின்றன. ‘எதற்கும் இன்னொரு டோஸ் கொடுத்துவிடுங்கள், மனம் நிம்மதியாக இருக்கும்’ என்று மருத்துவரிடம் கெஞ்சுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டோஸ் ஆறுதலுக்குக் கொடுக்கும் மருந்து அல்ல. தைமஸுக்கும் தேங்கிய சளிக்கும் கொடுத்த டோஸ் யாரையும் குணப்படுத்தாது. உடம்பு அதன் விலையைக் கொடுத்தே தீரும். உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி, பின்னர் வாய் உலர்ந்து, சோற்றை விழுங்கத் தண்ணீர் தேடும் நிலை சிலருக்கு வருகிறது. கண்ணீர்க் குழாய் அடைபட்டு எப்போதும் கண்ணில் நீர் வடியும். கருத்தரிக்க விரும்பும் பெண் ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் ஆறு மாதம் முதல் ஓராண்டு பொறுக்க வேண்டும். திருமணமாகிப் பிள்ளைக்கு ஏங்கும் இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்த ஓராண்டு சின்ன விஷயம் அல்ல. மொத்த அளவு கூடக் கூட இரத்தப் புற்றுநோய் உள்ளிட்ட வேறு புற்றுநோய்களின் அபாயம் சிறிதளவு ஏறுகிறது. மொத்தம் 600 மில்லிகியூரியை நெருங்கும்போது மருத்துவர்கள் நின்று யோசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய டோஸ்களுக்குத் தனியறையில் சில நாள் அடைந்திருக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள தாய்க்கு அந்தப் பிரிவு பிறகும் சில நாள் நீளும்.

மறு டோஸ் சரியான முடிவாகும் இடமும் தெளிவாகவே இருக்கிறது. ஸ்பெக்ட் சி.டி.யில் இடம் உறுதியாகி, அது நிணநீர்க் கட்டியோ நுரையீரலோ எலும்போ என்று தெரிந்து, தைரோகுளோபுலினும் அதற்கு ஏற்றபடி உயர்ந்து, முந்தைய டோஸுக்குப் பின் அந்த எண் இறங்கியதும் பதிவாகியிருந்தால் தயங்க வேண்டாம். சான்றுகள் ஒன்றையொன்று ஆமோதிக்கும்போது கொடுக்கும் டோஸ் பலன் தரும். புள்ளி மட்டும் இருந்து மற்ற எதுவும் அதோடு ஒத்துப்போகாவிட்டால், நான் அந்த நோயாளியின் மகளாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது கருத்துக்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம், அன்றே எடுத்த ஸ்பெக்ட் சி.டி. கையில் இருந்தால் நோயாளி நேரில் அலையாமல் படத்தை மட்டும் காட்டியே கருத்து வாங்கிவிடலாம். அச்சிட்ட படம் போதாது, கணினியில் திறந்து பார்க்கும் மருத்துவப் படக் கோப்பு (டைகாம்) உள்ள குறுவட்டைக் கேட்டு வாங்குங்கள். அறுவையின்போது எடுத்த கட்டியின் பயாப்ஸி அறிக்கை, ஒரே இரத்த மாதிரியில் பார்த்த தைரோகுளோபுலின், ஆன்டிபாடி, டி.எஸ்.எச். முடிவுகள் மூன்றும் உடன் இருக்கட்டும். ஆய்வகம் மாறினால் தைரோகுளோபுலின் எண்ணும் மாறக்கூடும் என்பதால் தொடர்ந்து ஒரே ஆய்வகத்திலேயே பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் ஸ்பெக்ட் சி.டி.யும் மறு டோஸும் அதில் அடங்குமா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுக் கவுன்ட்டரில் விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை மில்லிகியூரி கொடுத்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வார்டை விட்டுக் கிளம்பும்போதே பாருங்கள்; இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு பஸ் ஏறுங்கள்.